பாக் நீரிணைக் கோட்டைகளின் வரைபட ஏடுகளும் உருநேர்ப் பதிப்பும்

(காரங்காட்டில் நிகழ்ந்த அறக்கட்டளைச் சொற்பொழிவின் அச்சு வடிவம்)

ஒரு பழைய ஏட்டில் உள்ள சொற்களை மட்டும் பெயர்த்தெழுதி அச்சிடாமல், அதன் தாளளவு, பக்க வரிசை, மையின் நிறம், ஓரக்குறிப்பு, அடித்தல் திருத்தல், பூச்சியரித்த துளை ஆகிய யாவும் மூலத்தில் இருந்தவாறே தெரியும்படி வெளியிடுவது உருநேர்ப் பதிப்பு எனப்படும். செய்யுள் நூலுக்கு இத்தகைய பதிப்பு இருந்தால் நல்லது, இல்லாவிட்டாலும் நூல் அழிந்துவிடாது. ஏனெனில் செய்யுள் ஓலையிலிருந்து தாளுக்கும், தாளிலிருந்து நாவுக்கும் மாறிச் சென்றாலும் தன் உருவை இழப்பதில்லை. கட்டடக்கலை, பொறியியல் ஆகியவற்றைச் சார்ந்த ஏடுகளின் நிலை அவ்வாறன்று. அவற்றில் கோடே கருத்து. சொல் அதற்குத் துணை. கோட்டை விட்டுவிட்டுச் சொல்லை மட்டும் பதிப்பித்தவர் நூலின் பாதியைக்கூடப் பதிப்பித்தவராகார்.

இவ்வேறுபாட்டை ஐரோப்பிய மறுமலர்ச்சிக் காலத்துப் பொறியாளர் ஏடுகள் தெளிவாகக் காட்டுகின்றன. சியனா நகரத்து மரியானோ தி யாக்கப்போ, அதாவது தக்கோலா என்ற பட்டப்பெயரால் அறியப்படுபவர், 15ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் நீரேற்றும் சக்கரங்களையும் பாலங்களையும் முற்றுகைக் கருவிகளையும் தம் ஏடுகளில் வரைந்து வைத்தார். அதே நகரத்தில் பிறந்த பிரான்செஸ்கோ தி ஜோர்ஜோ மார்த்தினி (1439–1501) அவற்றுள் பலவற்றைப் படியெடுத்து, திருத்தி, தம்முடையனவற்றையும் சேர்த்து, கோட்டை கட்டும் கலையைப் பற்றிய பெருநூல் ஒன்றை எழுதினார். அந்நூலின் ஒரு படி லியோனார்டோ டா வின்சியின் கைக்கு வந்தபோது, அவர் தமக்கே உரிய வலமிருந்து இடமாகச் செல்லும் எழுத்தில் அதன் ஓரங்களில் குறிப்புகள் எழுதினார். பிளாரன்ஸ் நகரத்து லாரன்சியானா நூலகத்தில் ஆஷ்பர்ன்ஹாம் 361 என்ற எண்ணோடு உள்ள அந்தப் படியை எழுத்து வடிவில் மட்டும் படிப்பவருக்கு இரண்டு பொறியாளர்கள் ஒரே தாளில் சந்தித்துக்கொண்ட செய்தி ஓர் அடிக்குறிப்பாகவே எஞ்சும். 1979இல் வெளிவந்த அதன் உருநேர்ப் பதிப்பைப் புரட்டுபவரோ எந்தப் படத்தின் அருகே லியோனார்டோவின் பேனா நின்றது, எதைக் கடந்து போயிற்று என்பதைக் கண்ணால் காணலாம்.

அக்காலத்துப் பட்டறைகளில் படம் படியெடுக்கப்பட்ட முறையும் இங்கே அறியத்தக்கது. மூலப்படத்தின் கோடுகள் நெடுகிலும் ஊசியால் நெருக்கமாகத் துளையிட்டு, அதனை வெற்றுத்தாளின் மேல் வைத்து, துணிப்பொட்டலத்தில் கட்டிய கரித்தூளைத் தட்டினால், அடித்தாளில் புள்ளிகளாகப் படம் இறங்கும். பிறகு அப்புள்ளிகளை மையால் இணைத்துவிடுவர். ஆரி வேலை செய்வோர் ரவிக்கைத் துணியில் பூவேலையை இறக்குவதற்கு இன்றும் துளையிட்ட தாளையும் பொடியையுமே நம்பியிருக்கின்றனர். இத்துளைகளும், கவராயத்தின் கூர்முனை ஊன்றிய குழிகளும், மையிடுமுன் மழுங்கிய முனையால் அழுத்தி இழுத்த நிறமற்ற கீறல்களும் சாதாரண ஒளிப்படத்தில் தென்படமாட்டா. விளக்கைப் பக்கவாட்டில் தாழ்த்தி வைத்து எடுத்த படத்தில்தான் அவை நிழல் விழுந்து எழும். வரைந்தவர் களத்தில் அளந்து வரைந்தாரா, வேறொரு படத்தைப் பார்த்துப் படியெடுத்தாரா என்ற வினாவுக்கு விடை பெரும்பாலும் இக்குழிகளில்தான் கிடக்கிறது. ஆகவே, நல்ல உருநேர்ப் பதிப்பின் தரத்தை வண்ணப்பொலிவைக் கொண்டு அளக்காமல், இத்தகைய சிறு தடயங்களை அது எத்துணை காட்டுகிறது என்பதைக் கொண்டே அளக்கவேண்டும்.

இந்த ஏடுகளின் வழித்தோன்றல்கள் சில, காரங்காட்டுக் கரைக்கு எதிரே உள்ள கடற்பரப்பைப் பற்றியவை என்பதே இச்சொற்பொழிவின் பொருளை இவ்வூருக்கு உரியதாக்குகிறது. கோட்டக்குடி ஆறு கடலில் கலக்கும் கழிமுகமும் அதன் அலையாத்திக் காடும் பாக் விரிகுடாவைப் பார்த்திருக்கின்றன. அவ்விரிகுடா பெரும்பாலும் பதினைந்து மீட்டருக்கும் குறைந்த ஆழமுடையது. ஆழமான அடிப்பகுதி கொண்ட போர்த்துக்கீசியப் பெருங்கப்பல்கள் இங்கே தாராளமாக நடமாட இயலவில்லை. தோணியும் சிறு துடுப்புக்கலமுமே இக்கடலை ஆண்டன. எனவே இதனைக் கட்டுப்படுத்த விரும்பியவர் யாராயினும் அதன் குறுகிய வாயில்களைப் பிடித்தாக வேண்டியிருந்தது. மண்டபத்துக்கு அருகிலுள்ள வேதாளையில் 1538ஆம் ஆண்டு மார்த்தீம் அஃபோன்சோ தெ சோசாவின் படை மரைக்காயர்களின் கப்பற்படையை முறியடித்தது. அதே வேதாளையில் 1549இல் இயேசு சபைத் துறவி அந்தோனியோ கிரிமினாலி கொல்லப்பட்டார். 1560இல் அரசப் பிரதிநிதி கொன்ஸ்தந்தீனு தெ பிரகான்சா யாழ்ப்பாணத்தின் மீது படையெடுத்துத் திரும்பிய பின் மன்னாரில் கோட்டை எழுந்தது; முத்துக்குளித்துறையின் புன்னைக்காயலிலிருந்து மக்கள் அங்கே குடியமர்த்தப்பட்டனர். 1619இல் பிலிப்பே தெ ஒலிவேரா யாழ்ப்பாண அரசைக் கைப்பற்றியபின் அங்கேயும் ஒரு கோட்டை கட்டப்பட்டது. சேதுபதியோடு பொருத திருமலை நாயக்கர், 1639ஐ ஒட்டிய ஆண்டுகளில், தமக்குக் கடல்வழித் துணை புரிந்தால் பாம்பனில் கோட்டை கட்டிக்கொள்ள இடம் தருவதாகப் போர்த்துக்கீசியருக்கு உறுதி கூறினார் என்பதும் நாயக்கர் வரலாற்றை எழுதியோர் குறிப்பிட்ட செய்தியே. அந்தக் கோட்டை எழுந்திருந்தால் பாக் விரிகுடாவின் தென்வாயில் இரண்டும் ஒரே கைக்குள் போயிருக்கும்.

இக்கோட்டைகளின் வடிவத்தைப் புரிந்துகொள்ள ஒரு சிறு விளக்கம் தேவை. பீரங்கி வருமுன் மதில் உயரமாக இருந்தால் போதும். பகைவன் ஏணி வைத்து ஏறமுடியாது. 1494இல் பிரெஞ்சு அரசன் எட்டாம் சார்லசின் படை இத்தாலிக்குள் இழுத்துவந்த பீரங்கிகளின் முன் உயர்ந்த மதில் எளிதில் சரியும் மதிலாகிவிட்டது. அதன் பிறகு மதில் தாழ்ந்தது, தடித்தது, உள்ளே மண் நிரப்பப்பட்டது. மூலைகளில் வட்டக் கோபுரங்களுக்கு மாறாக, அம்புமுனை போல் வெளியே நீண்ட கூர்கோணக் கொத்தளங்கள் அமைந்தன. வட்டக் கோபுரத்தின் அடியில் எந்தக் குண்டும் எட்டாத ஒரு மறைவிடம் இருக்கும். கூர்கோணக் கொத்தளமோ பக்கத்துக் கொத்தளத்திலிருந்து சுடும் பீரங்கிக்குத் தன் முகம் முழுவதையும் திறந்து காட்டும், ஆதலால் ஒன்றை மற்றொன்று காக்கும். கோணம் சில பாகை பிசகினாலும் மறைவிடம் மீண்டும் தோன்றிவிடும். கோட்டை கட்டும் கலை கொத்தனாரின் கைத்திறனிலிருந்து வரைபடக்காரரின் வடிவியலுக்கு மாறிய கதை இதுவே. வரைபட ஏடுகள் அரச இரகசியமாக மதிக்கப்பட்டதற்குக் காரணமும் இதுவே. இக்கலையைக் கோவாவுக்குக் கொண்டுவந்தவர்களுள் முதன்மையானவர் மிலான் நகரத்து ஜொவானி பத்திஸ்தா கைராத்தி. 1580களில் போர்த்துக்கீசிய இந்தியாவின் தலைமைப் பொறியாளராக வந்து 1596இல் கோவாவில் இறந்த அவர், கீழை ஆப்பிரிக்காவில் மொம்பாசாவின் இயேசு கோட்டைக்கு 1593இல் வகுத்த திட்டம் இன்றும் கல்லாய் நிற்கிறது.

அடுத்த தலைமுறையில், இக்கோட்டைகள் யாவற்றையும் ஒரே நூலில் வரைந்தும் விவரித்தும் அனுப்புமாறு மாட்ரிடில் இருந்த அரசன் கேட்க, கோவாவின் ஆவணக் காப்பாளரும் அரச வரலாற்றெழுத்தாளருமான அந்தோனியோ பொக்காரோ 1635இல் ஒரு பெருநூலை முடித்தார். கீழை இந்திய அரசின் கோட்டைகள், நகரங்கள், ஊர்கள் யாவற்றின் வரைபட நூல் என்பது அதன் பெயரின் பொருள். உரை பொக்காரோவுடையது, படங்களைத் தந்தவர் அரசப் பிரதிநிதியின் செயலராக இருந்த பெத்ரோ பர்ரெத்தோ தெ ரெசெந்தே. அவற்றுள் மன்னாரும் யாழ்ப்பாணமும் மயிலாப்பூரின் சான்தோமும் நாகப்பட்டினமும் இடம்பெறுகின்றன. மூலப்படி போர்த்துக்கல்லின் எவோரா நகரப் பொதுநூலகத்தில் உள்ளது; ரெசெந்தே தம் பெயரில் பின்னர் அமைத்துக்கொண்ட நூலின் 1646ஆம் ஆண்டுப் படி லண்டனில் பிரித்தானிய நூலகத்தின் ஸ்லோன் தொகுப்பில் இருக்கிறது. எவோரா ஏட்டை இசபெல் சித் 1992இல் மூன்று தொகுதிகளாக லிஸ்பனில் பதிப்பித்தார். இலங்கைக் கோட்டைகளை மட்டும் வரைந்து கொன்ஸ்தந்தீனு தெ சா தெ மிராந்தா 1638இல் தொகுத்த ஏடு ஸ்பெயினின் சரகோசாப் பல்கலைக்கழக நூலகத்தில் கிடந்தது; அதனை ஜோர்ஜே ஃபுளோரெஸ் 2001இல், 1624ஆம் ஆண்டைச் சேர்ந்த மற்றொரு விவரிப்போடு சேர்த்து வெளியிட்டார். லிஸ்பனுக்கு அருகே தேஜோ ஆற்றின் முகத்துவாரத்தில் நிற்கும் சாவ் ஜூலியாவ் ட பார்ரா கோட்டையின் நூலகத்தில் இருந்த இந்தியக் கோட்டை வரைபட ஏடு, ருய் கரிதாவின் ஆய்வுரையோடு 1999இல் அச்சேறியது. பத்தாண்டு இடைவெளிக்குள் மூன்று பதிப்புகள். தமிழ்நாட்டின் கடற்கரை வரலாற்று நூல்களில் இவற்றின் சுவடு அரிதாகவே தென்படுவது வியப்புக்குரியது.

இவ்வேடுகள் தரும் செய்தியின் மதிப்பை யாழ்ப்பாணத்தைக் கொண்டு அறியலாம். போர்த்துக்கீசியர் கட்டிய கோட்டை நாற்கோண வடிவினது. 1658இல் அதனைக் கைப்பற்றிய ஒல்லாந்தர் அதை இடித்து, ஐந்து கொத்தளங்களைக் கொண்ட ஐங்கோணக் கோட்டையை எழுப்பினர். புறக்காப்பு வேலைகள் 1792 வரை தொடர்ந்தன. இன்று யாழ்ப்பாணத்தில் காண்பது, 1990ஆம் ஆண்டு முற்றுகையாலும் போராலும் சிதைந்து பின் பகுதி பகுதியாகச் சீரமைக்கப்படும் ஒல்லாந்தர் கோட்டையே. முந்தைய நாற்கோணம் எவ்வாறு நின்றது, அதன் உள்ளே தேவாலயம் எங்கே இருந்தது என்பனவற்றுக்கு 1630களின் ஏட்டுப்படங்களே முதற்சான்று. மன்னார்க் கோட்டையையும் ஒல்லாந்தர் மாற்றிக் கட்டினர். சான்தோமின் மதில்களோ அடையாளமின்றிப் போய்விட்டன. ஒல்லாந்தப் போதகர் பல்தேயுஸ் 1672இல் ஆம்ஸ்டர்டாமில் அச்சிட்ட நூலிலும் இக்கரைகளின் கோட்டைகளுக்குச் செப்புத்தகட்டுப் படங்கள் உண்டு. எனினும் அவை யாழ்ப்பாணம் கைமாறிய பின் செய்யப்பட்டவை. செதுக்குபவரின் மேசையில் அழகுபடுத்தப்பட்டவை.

ஆயினும் ரெசெந்தேயின் படங்களை அளவுப்படங்களாகக் கொள்வது பெரும்பிழை. அவை உயரத்திலிருந்து சாய்வாகப் பார்ப்பது போல் தீட்டப்பட்ட வண்ணச் சித்திரங்கள். மதிலும் வீடும் மரமும் ஒரே தாளில் வெவ்வேறு அளவுக்கு நிற்கும். பொக்காரோவின் உரையில்தான் மதிலின் உயரமும் தடிப்பும், பீரங்கிகளின் தொகையும், மணமாகிக் குடியமர்ந்த குடும்பங்களின் கணக்கும் உள்ளன. அளவுகள் பிராசா, பால்மு என்ற அலகுகளில் வரும். ஒரு பிராசா ஏறத்தாழ 2.2 மீட்டர், பத்துப் பால்மு சேர்ந்தது ஒரு பிராசா. உரை ஒன்று சொல்ல, படம் வேறொன்று காட்டும் இடங்களை வைத்தே வரைந்தவரும் எழுதியவரும் வெவ்வேறு மூலங்களை நம்பினர் என்று துணியமுடிகிறது. படம் பிழையானது என்று விலக்கிவிட்டு உரையை மட்டும் அச்சிட்ட பதிப்பு இந்தத் தடயத்தை வாசகரிடமிருந்து பறித்துவிடும். பிழையை உரைக்கேற்பத் திருத்தி வரைந்து அச்சிடும் பதிப்போ அதனினும் கேடானது. வரைபடத்தின் பிழை ஒரு பரம்பரைக் குறி: ஒரே பிழை இரண்டு ஏடுகளில் இருந்தால், ஒன்று மற்றொன்றைப் பார்த்தது, அல்லது இரண்டுமே இழந்துபோன மூன்றாவதைப் பார்த்தன.

இத்தகைய பதிப்புகளைச் செய்யும் தொழில்நுட்பம் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில்தான் கைவந்தது. பாரிசில் உள்ள லியோனார்டோவின் ஏடுகளை ஷார்ல் ராவேசோன் மொல்லியேன் 1881 முதல் 1891 வரை ஆறு தொகுதிகளாக உருநேராக வெளியிட்டார். அதற்கு நாற்பது ஆண்டுகளுக்கு முன் குலியேல்மோ லிப்ரி என்ற கணித வரலாற்றாசிரியர் அவ்வேடுகளிலிருந்து தாள்களைக் கிழித்து விற்றுவிட்டிருந்தார் என்பதை நினைத்தால், எல்லாத் தாள்களும் இன்ன வரிசையில் இருந்தன என்று உலகறிய அச்சிட்டு வைப்பது ஒரு காவலும் ஆகும் என்பது விளங்கும். 1882இல் பிரசெல்சில் லியோன் யான்சென், மலாக்காவில் பிறந்த போர்த்துக்கீசிய–பூகிசு நிலவரைவாளர் மனுவேல் கொதின்யோ தெ எரெதியா 1613இல் தம் கையாலேயே எழுதி வரைந்த ஏட்டை உருநேராக அச்சிட்டார். ஆசியாவில் பிறந்த ஒருவர் மறுமலர்ச்சி முறையில் வரைந்த ஏடு, லியோனார்டோவின் ஏடுகளுக்கு அடுத்த ஆண்டே அச்சேறியதைத் தற்செயல் என்றே கொள்ளலாம். ஆனால் இனிய தற்செயல்.

அக்காலத்தில் இத்தகைய வேலைக்கு உகந்ததாகக் கருதப்பட்ட கொலோடைப் என்ற அச்சுமுறையில், கண்ணாடித் தகட்டின் மேல் ஒளியுணரும் ஜெலட்டின் பூசப்படும். எதிர்ப்படத்தின் வழியே ஒளி பட்ட இடம் இறுகி மையை ஏற்கும், படாத இடம் ஈரத்தைப் பிடித்து மையைத் தள்ளும். செய்தித்தாள் படத்தில் உருப்பெருக்கியை வைத்தால் தெரியும் புள்ளிக்கூட்டம் இதில் இல்லாததால், நீர்த்த மையின் மெல்லிய பூச்சு பூச்சாகவே தெரியும். ஒரு தகட்டிலிருந்து சில நூறு படிகள் மட்டுமே எடுக்க இயலும் என்பது அதன் குறை. பின்னர் ஆப்செட் முறை வந்து எண்ணிக்கையைப் பெருக்கியது. நுண்ணிய கோட்டைப் புள்ளிகளாக உடைத்தும் விட்டது. மாட்ரிட் தேசிய நூலகத்தில் தவறான எண்ணின்கீழ் நூற்றாண்டுக்கு மேல் மறைந்து கிடந்து, 1960களில் வெளிப்பட்ட லியோனார்டோவின் இரண்டு ஏடுகள், லதிஸ்லாவோ ரெத்தியின் பதிப்பாக 1974இல் வந்தபோது, பல்சக்கர அமைப்புகளும் பியொம்பீனோவின் கோட்டைத் திட்டங்களும் முதன்முறையாகப் பொறியாளர்களின் மேசைக்கு வந்தன.

இன்றைய உருநேர்ப் பதிப்புகளுள் பல, செல்வர் வீட்டு அலமாரிக்கென்றே செய்யப்படுகின்றன என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. தோலட்டை, பொன்முலாம், எண்ணிட்ட குறைந்த படிகள் என்று விளம்பரம் நீளும். தாளின் கறையைக்கூட அச்சில் கொண்டுவருவர். ஆனால் அந்தக் கறை எதனால் வந்தது என்று சொல்லும் விளக்கத் தொகுதி மெலிந்திருக்கும். இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் தெளிவான எண்மப் படம் இவற்றைவிட ஆய்வாளருக்கு உதவும் என்ற வாதம் பாதி உண்மை. திரையில் படத்தை வேண்டிய அளவு பெருக்கலாம். ஆனால் திரை எல்லாத் தாள்களையும் ஒரே அளவாக்கிவிடுகிறது. கவராயத்தை ஊன்றி அளக்கவும், விரிமடிப்புத் தாளை விரித்துப் பக்கத்துப் படத்தோடு ஒத்துப்பார்க்கவும் மூல அளவிலான அச்சுத்தாளே வேண்டும்.

தமிழ்ப் பதிப்பு மரபு இவ்வகையில் வலிமையும் குறையும் ஒருங்கே உடையது. உ. வே. சாமிநாதையர் முதலானோர் பாடவேறுபாடுகளைக் காட்டிய நேர்த்தி எந்த நாட்டுப் பதிப்பாசிரியருக்கும் குறைந்ததன்று. ஆனால் அந்த நேர்த்தி முழுவதும் சொல்லின்மேல் நின்றது. கலங்களின் நீள அகலங்களையும் மரங்களின் குணங்களையும் பேசும் கப்பல் சாத்திரத்தைச் சென்னை அரசினர் கீழ்த்திசைச் சுவடிகள் நூலகம் 1950இல் வெளியிட்டது, அரிய தொண்டு. எனினும் சுவடியின் ஒவ்வோர் ஏட்டையும் கண்முன் காட்டும் பதிப்பாக அது திட்டமிடப்படவில்லை. இதற்கு மாறான சான்று ஒன்று தஞ்சாவூரில் பிறந்த ராம் ராசுடையது. அவர் மானசாரம் முதலிய சிற்பநூல்களை ஆராய்ந்து எழுதிய ஆங்கில நூல், அவர் மறைந்தபின் 1834இல் லண்டனில் அரச ஆசியக் கழகத்தால் 48 படத்தகடுகளோடு வெளியிடப்பட்டது. சுலோகம் சொல்லும் விகிதத்தைத் தூணின் படத்தோடு சேர்த்து வைத்தாலன்றிச் சிற்பநூல் விளங்காது என்பதை அவர் அறிந்திருந்தார். அவர் காட்டிய அந்த வழியில் தமிழ்ப் பதிப்பாளர்கள் போதிய தொலைவு நடக்கவில்லை என்று கூறுவது மிகையாகாது.

ஆகவே பாக் நீரிணையின் கோட்டைகளுக்கென ஒரு தமிழ்த் தொகுதி வருவதாயின், அது மொழிபெயர்ப்பாக மட்டும் அமைதல் கூடாது. எவோரா, லண்டன், சரகோசா ஆகிய மூன்று இடத்து ஏடுகளிலிருந்தும் மன்னார், யாழ்ப்பாணம் ஆகிய கோட்டைகளின் படங்களை மூல அளவிலேயே, ஒரு கோட்டைக்குரிய படங்கள் அடுத்தடுத்து வருமாறு, கட்டாத தனித்தாள்களாக ஓர் உறையில் இடவேண்டும். கட்டினால் ஒன்றையொன்று பக்கத்தில் வைத்துப் பார்க்க இயலாது. எதிர்ப்பக்க உரையின் போர்த்துக்கீசியப் பெயர்த்தெழுத்தும் தமிழாக்கமும் வேறு சிறு நூலாக இருக்கலாம். படத்தின் மேல் தமிழ்ப் பெயர்களை அச்சிடும் ஆசையை அடக்கிக்கொள்வது நலம்; பெயர்களை ஒளி ஊடுருவும் மேல்தாளில் அச்சிட்டால், வேண்டியவர் வைத்துப் பார்ப்பர், வேண்டாதவர் நீக்கிவிடுவர்.

விளக்கக் குறிப்புகளை எழுதப் போர்த்துக்கீசியம் அறிந்தவர் மட்டும் போதமாட்டார். படங்களில் கோட்டையைச் சூழ்ந்த நீரும் மணல்மேடும் கலம் நுழையும் வாயும் கோட்டை அளவுக்கே முதன்மையானவை. அவற்றை வரைந்தவர் பெரும்பாலும் கோவாவில் இருந்தபடி பிறர் சொல் கேட்டு வரைந்தவர். எந்த மேடு நிலையானது, எது வாடைக்காற்றில் எழுந்து கச்சான்காற்றில் கரைவது, எந்த வாயில் எத்தகைய வள்ளம் நீரேற்றத்துக்குக் காத்திராமல் நுழையலாம் என்பனவற்றைத் தொண்டி, காரங்காடு, மண்டபம், பாம்பன் கரைகளில் கடல் தொழில் செய்வோரிடம் கேட்டு, அவர்கள் வழங்கும் பெயர்களோடு பதிந்து, 1635ஆம் ஆண்டுப் படத்தின் ஒவ்வொரு நீர்ப்பகுதிக்கும் எதிரே தருவது தொகுதியின் இரண்டாம் பகுதியாகலாம். படமும் கடலறிவும் முரண்படும் இடங்களில் முரண்பாட்டை அப்படியே குறித்துவிடுவதே முறை. நானூறு ஆண்டில் மணல் நகர்ந்ததா, வரைந்தவர் தவறினாரா என்பதைத் தீர்மானிக்க அங்கே நிலத்தடி மண் ஆய்வு செய்வோரின் துணையும் வேண்டியிருக்கும்.